இடுப்பில் ஒரு கொடி

மூக்குத்தியைக் கழற்றினால்தான் களத்தில் இறங்கலாம் என்று நடுவர் சொன்னபோது ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. 2016 செப்டம்பர். ஓஹையோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மைதானம், இரவு எட்டரை மணி. நடுவருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்ற அந்தப் பையன் அதே பல்கலைக்கழகத்தில் இளங்கலை படிப்பவன். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மாலை நேரங்களில் நடுவராக நிற்பவன். "கம்மல், மோதிரம், செயின் எதுவும் கூடாது. மூக்கில் இருக்கிறதும் சேர்த்துத்தான்" என்றான், கொஞ்சம் தயங்கி.

எனக்குப் பத்து வயதில் வத்தலகுண்டில் ஓர் ஆசாரி குத்திவிட்ட மூக்குத்தி அது. திருகாணி வைத்தது. பதினைந்து வருடமாக மூக்கைவிட்டு இறங்கியதே இல்லை. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து திருகிப் பார்த்தேன், அசையவில்லை. என் ஆய்வகத் தோழி போனில் டார்ச் அடித்தாள். இன்னொருத்தி உதட்டுக்குப் பூசும் மெழுகைக் கொடுத்தாள். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் அதைத் தடவித் திருகியதும் நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம், திருகாணி விரலோடு வந்துவிட்டது. ஒரு கடை ரசீதில் மடித்து, தோழியின் கார் சாவிக்கொத்தோடு பைக்குள் வைத்தோம். அப்புறம் எழுந்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் ஒரு விளையாட்டுக் களத்தில் கால்வைத்து அன்றைக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃப்ளாக் ஃபுட்பால் என்ற ஆட்டமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்கர்களின் ஃபுட்பாலை டிவியில் பார்த்திருப்பீர்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்ட ஆட்கள் முட்டி மோதி, பந்து வைத்திருப்பவரைத் தரையில் சாய்ப்பார்கள். ஃப்ளாக் ஃபுட்பாலில் யாரும் யாரையும் சாய்க்கக் கூடாது, தள்ளவும் கூடாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெல்ட். அதில் இரண்டு பக்கமும் முதுகுப்பக்கமுமாக மூன்று பட்டைகள், இரண்டு அங்குல அகலத்தில், ஒரு முழத்துக்குக் குறைவான நீளத்தில் தொங்கும். பந்தோடு ஓடுபவரின் பட்டையில் ஒன்றை எதிரணிக்காரர் பிடித்து இழுத்தால், கிளிப் டப்பென்று விட்டுக்கொண்டு பெல்ட் முழுசாகக் கையோடு போய்விடும். ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். பிடுங்கியவர் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிவிட்டு, உங்களிடமே திருப்பிக் கொடுப்பார். நீங்களும் நன்றி சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ராணுவ முகாம்களில் வீரர்கள் காயம் படாமல் ஆடுவதற்காக 1940-களில் உருவான ஆட்டம் என்று சொல்வார்கள்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டபோது எனக்கு அரைஞாண் கொடிதான் ஞாபகம் வந்தது. இடுப்பில் அரைஞாண் கொடி மட்டும் கட்டிக்கொண்டு தெருவில் ஓடும் குழந்தைகளை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். வளர்ந்த மனிதர்கள் இடுப்பில் கொடியோடு அதே சந்தோஷத்தில் ஓடுவதை அங்கேதான் பார்த்தேன்.

நான் மண்ணியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் ஓர் அணி சேர்த்தார்கள், அதுவும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் பிரிவில். கோ-ரெக் என்று அதற்குப் பெயர். எட்டுப் பேர் கொண்ட அணியில் நாலு ஆண், நாலு பெண். ஆண்கள் தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டார்கள். பெண்களில் மூன்று பேர்தான் தேறியிருந்தார்கள். தோழி என் மேசைக்கு வந்து நின்றாள். "உனக்கு ஓடத் தெரியுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தெரியும் என்று சொன்னால் அது பழைய கதை. தெரியாது என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. "முன்னாடி ஓடியிருக்கேன்" என்றேன். அது போதும் என்று பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த மாதிரிப் போட்டிகளை அங்கே இன்ட்ராம்யூரல் என்பார்கள். சுவர்களுக்கு உள்ளே என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். ஒரு கல்லூரியின் சுவர்களுக்குள்ளேயே, அங்கே படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் தங்களுக்குள் ஆடிக்கொள்வது. ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய அரங்கம் கொலம்பஸ் நகரில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஓஹையோ மாநிலமே அங்கே நடக்கும் கல்லூரி ஃபுட்பாலைத்தான் பார்க்கும். அங்கே ஆடுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுக்கப்படாத மற்ற எல்லோருக்குமானது இன்ட்ராம்யூரல். 1913-லேயே ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இதற்கென்று தனித் துறையே தொடங்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. இன்றைக்கு அமெரிக்காவில் கல்லூரிப் பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கான விதிகளை எழுதுவது நிர்ஸா என்ற அமைப்பு. அது பிறந்தது 1950-ல், நியூ ஆர்லியன்ஸில் உள்ள டில்லர்ட் பல்கலைக்கழகத்தில். வில்லியம் வாசன் என்ற ஆசிரியர், கறுப்பின மக்களுக்கான பதினொரு கல்லூரிகளிலிருந்து இருபத்திரண்டு பேரைக் கூட்டி நடத்திய மாநாட்டில்தான் அதற்கு வித்து விழுந்தது. அந்த இருபத்திரண்டு பேரில் பெண்களும் இருந்தார்கள். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலம் அது. வெளியே எத்தனையோ வாசல்கள் அடைத்துக் கிடந்த காலத்தில், தங்கள் கல்லூரியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும். பார்க்க ஒருவரும் வராத ஆட்டத்துக்கு நாலு நடுவர்கள், கடிகாரம், புள்ளிப் பலகை, விளக்கு எல்லாம் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் அணியின் நடத்தைக்குத் தனி மதிப்பெண் வேறு போடுவார்கள்; நடுவரிடம் கத்தினால் அது குறையும், குறைந்தால் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. நாங்கள் ஆடுவதை யாரோ மதித்து ஏற்பாடு செய்திருந்தார்கள்.

சரி, ஆட்டம். மைதானம் நூறு கெஜ நீளம், நாற்பது கெஜ அகலம். இரண்டு கோடியிலும் பத்துப் பத்து கெஜத்துக்கு எண்ட் ஸோன். நடுவில் இருக்கும் எண்பது கெஜத்தை இருபது இருபதாக நாலு கட்டமாகப் பிரித்திருப்பார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு; அதற்குள் அடுத்த கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் நாலு கிடைக்கும். இப்படிக் கட்டம் கட்டமாகத் தாண்டி எதிரியின் எண்ட் ஸோனுக்குள் பந்தோடு போய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி. பாண்டி ஆடிய காலைக்கொண்டு பார்த்தால் இது ஒன்றும் புரியாத ஆட்டமில்லை.

ஆனால் கோ-ரெக்கில் ஒரு விதி உண்டு. டச்டவுன் போட்டவர் பெண்ணாக இருந்தாலோ, அதற்கான பந்தை எறிந்தவர் பெண்ணாக இருந்தாலோ, ஆறுக்குப் பதில் ஒன்பது புள்ளி.

முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் தனி இருக்கை மாதிரி, இரக்கப்பட்டு மூன்று புள்ளி கூடுதலாகப் போட்டுத் தருகிறார்களோ என்று தோன்றியது. தோழியிடம் கேட்டேன். அவள் அயோவாவில் அண்ணன்மார் மூன்று பேரோடு வளர்ந்தவள். "இந்த விதி இல்லாத ஆட்டத்தில் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அது எனக்குப் புரிய இரண்டு ஆட்டம் பிடித்தது. இப்போது கேட்டால், அந்த ஒன்பது புள்ளியைவிட இன்னொரு விதிதான் முக்கியமானது என்பேன். ஓர் ஆண் எறிந்த பந்தை இன்னோர் ஆண் பிடித்துவிட்டால், அடுத்து பந்தெறிந்து முன்னேறும்போது எறிபவரோ பிடிப்பவரோ பெண்ணாக இருந்தே ஆக வேண்டும். அந்த நிலைமைக்கு 'க்ளோஸ்டு' என்று பெயர். ஒவ்வொரு முறையும் பந்தை வைத்ததும் நடுவர் "க்ளோஸ்டு!" என்றோ "ஓப்பன்!" என்றோ உரக்கச் சொல்வார். க்ளோஸ்டு என்று சொன்ன அந்த நொடியில் எங்கள் குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிபவனின், கண் பெண்கள் பக்கம் திரும்பும். வேறு வழியில்லை, திரும்பித்தான் ஆக வேண்டும். அவன் நல்லவன், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. டெக்ஸஸில் பள்ளி அணியில் ஆடி, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன். அவசரத்தில் ஆண்களைத் தேடி எறிந்தே கை பழகியிருந்தது, அவ்வளவுதான். விதி அந்தப் பழக்கத்தை மாற்றியது. மூன்றாவது ஆட்டத்தில் ஓப்பன் என்று நடுவர் சொன்னபோதும் அவன் பந்தை எனக்கு எறிந்தான். புள்ளி கூடக் குறையக் கிடைப்பது வேறு. பந்து கைக்கு வராவிட்டால் நான் களத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என்னுடைய முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் பாதியில் இரண்டு பந்தைத் தவறவிட்டேன். அந்தப் பந்து முட்டைபோல் இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும், சுழன்றுகொண்டு வரும், உள்ளங்கையால் பிடிக்கப் போனால் தெறித்துவிடும், விரல்களால் வாங்க வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு பந்து நெஞ்சுக்கு நேராக வந்தது. பிடித்துவிட்டேன். திரும்பி ஓடினேன். கால்கள் தாமாகவே ஓடின. ஒருவர் கை நீட்டினார், விலகினேன். இன்னொருவர் குறுக்கே வந்தார், அவரையும் தாண்டினேன். பதினாறு கெஜம் போயிருப்பேன். அப்புறம்தான் ஓரத்தில் மஞ்சள் துணி ஒன்று விழுந்து கிடந்ததைப் பார்த்தேன்.

நடுவர் தவறு என்று எறியும் கொடி அது. ஃப்ளாக் கார்டிங். பந்தோடு ஓடுபவர் தன் பட்டையைக் கையால் மறைக்கவோ, பிடுங்க வரும் கையைத் தட்டிவிடவோ கூடாது. தண்டனை பத்து கெஜம். நான் எங்கே மறைத்தேன் என்று கேட்டேன். நடுவர் தன் இடது கையை இடுப்பில் வைத்துக் காட்டினான். "ஓடுறப்ப முழுக்க இப்படித்தான் கை இருந்துச்சு."

அடுத்த ஆட்டத்திலும் அதேதான். மறுபடி மஞ்சள் கொடி, மறுபடி பத்து கெஜம். அன்று இரவு அறைக்குத் திரும்பிக் கண்ணாடி முன் நின்று, நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தேன். வலது கை வீசியது. இடது கை வீசவில்லை. அது இடுப்புப் பக்கம் போய்ச் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நான் சொல்லாமலே போனது.

எனக்கு அது எங்கே கற்றது என்று தெரியும்.

ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நான் கோ-கோ ஆடினேன். பி.டி. டீச்சர் என்னை ஓட்டக்காரியாகத்தான் வைத்திருந்தார். எட்டுப் பேர் ஒருவர் மாற்றி ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து வரிசையாகக் குந்தியிருக்க, அவர்களுக்கு நடுவே பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடுவேன். துரத்துபவள் வரிசையைக் கடக்க முடியாது, போன பக்கமிருந்து திரும்பவும் முடியாது. நான் எங்கும் போகலாம். அவள் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கடைசி நொடியில் எதிர்ப்பக்கம் கால் வைக்க வேண்டும். கோடியில் உள்ள கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுற்றும்போது மற்றக் கை அதுவாகவே காற்றில் விரியும். குறுவட்டப் போட்டிக்குப் போய் ஜெயித்தும் வந்தோம். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அம்மா இன்றைக்கும் அதில்தான் காபி குடிக்கிறாள்.

பதின்மூன்று வயதில் பெரியவளானேன். பள்ளிக்குத் திரும்பிப் போனபோது சீருடை மாறியிருந்தது. பாவாடை சட்டை போய்ச் சுடிதார், இரண்டு தோளிலும் ஊக்குக் குத்திய துப்பட்டா. "வயசுக்கு வந்த புள்ள கிரவுண்டுல என்னத்தா ஓட்டம்" என்றார் அம்மாச்சி. அம்மா பள்ளிக்கு வந்து டீச்சரிடம் பேசிவிட்டுப் போனாள். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பி.டி. வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம் என்று ஆனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். அப்படி ஓடும்போது பெண்பிள்ளை எப்படி ஓடுவாள் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் பை, இன்னொரு கை துப்பட்டா பறக்காமலும் டாப்ஸ் தூக்காமலும் இடுப்போடு அழுத்திப் பிடித்திருக்கும். பன்னிரண்டு வருடம் என் இடது கை அந்த வேலையைத்தான் செய்தது.

இதைத் தோழியிடம் சொன்னேன். துப்பட்டா என்றால் என்னவென்று படம் காட்டி விளக்க வேண்டியிருந்தது. முழுசாகக் கேட்டாள். பரிதாபமாக எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஐந்தரைக்கு ஆய்வகக் கட்டடத்துக்குப் பின்னால் புல்தரைக்கு வா என்றாள். பந்தை என் கையில் கொடுத்து, "ரெண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடி. ரெண்டு கைக்கும் வேலை இருந்தால் எதுவும் கீழே போகாது" என்றாள். மண் மாதிரிகளைச் சலித்து முடித்த கையோடு, விரல் நகத்தில் களிமண் ஒட்டியிருக்க, நாங்கள் இருவரும் இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் ஓடினோம். அவள் என் பட்டையைப் பிடுங்க வருவாள், நான் விலகுவேன். பிடுங்குவதற்கும் எனக்கு ஒரு பாடம் சொன்னாள்: எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, பந்தைப் பார்க்காதே, தோளையும் நம்பாதே, இடுப்பை மட்டும் பார், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். தோளைப் பார்த்தே பழகிய எனக்கு அதற்குக் கண்ணைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

இரண்டு கையாலும் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினால் வேகம் வராது. அது தெரிந்தும் நான்காவது ஆட்டம் வரைக்கும் அப்படியே ஓடினேன். மஞ்சள் கொடி அதன்பின் விழவில்லை. எட்டு கெஜம், ஆறு கெஜம் என்று சின்னச் சின்னதாக முன்னேறினேன். ஒரு பந்து விரல் நுனியில் பட்டு மோதிர விரல் வீங்கியது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டேன். ஒரு நாள் எதிரணியில் ஒருவர் என்னைக் காட்டித் தன் ஆட்களிடம், "அவளைப் பார்த்துக்கோ, திடீரென்று திரும்புவாள்" என்று சொன்னது காதில் விழுந்தது. தடுத்தாக வேண்டிய ஆளாக என்னை ஒருவர் சுட்டிக்காட்டியது அதுதான் முதல் தடவை. அந்த வாக்கியத்தை வீட்டுக்கு நடந்து போகும் வழி முழுக்க மனதில் வைத்துக்கொண்டே போனேன்.

அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது முதலில் கண்டுபிடித்தது மூக்கைத்தான். "என்னடி, மூக்கு மூளியா இருக்கு?" விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "துளை தூந்துபோயிரும், ஆடி முடிச்சதும் போட்ரு" என்றாள். ஆடாதே என்று சொல்லவில்லை. பல வருடம் கழித்து, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டையும் ஃப்ளாக் ஃபுட்பாலையும் ஒரே நாளில் சேர்த்தது. அணிக்கு ஐந்து பேர், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எல்லோரும் கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஆடின ஆட்டமும் அதில் இருக்கிறது என்று போட்டேன். அம்மாவிடமிருந்து வந்தது: "மூக்குத்தி கழட்டினியே, அதா?"

அக்டோபர் கடைசியில் எங்களுக்கு வெளியேற்றும் சுற்று. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குளிர் கடுமையாகிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவர் மூச்சும் புகையாகத் தெரிந்தது. புல்லில் ஈரம் உறையத் தொடங்கி, காலுக்கடியில் மொறமொறத்தது. மூக்குத்தியை அன்று அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்; திருகு இப்போது இளகியிருந்தது.

எதிரணியில் ஒரு பெண் இருந்தாள், மருந்தியல் படிப்பவள். முதல் பாதியிலேயே அவள் ஒரு டச்டவுன் போட்டுவிட்டாள், ஒன்பது. டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒன்று. அப்புறம் ஓர் ஆண் ஒரு டச்டவுன், அதற்கும் மேலே ஒன்று. மொத்தம் பதினேழு. எங்களுக்கு ஒரே ஒரு டச்டவுன். அதற்குப் பின் பத்து கெஜத்திலிருந்து ஆடி இரண்டு எடுத்து எட்டு ஆக்கியிருந்தோம். பாதிக்கு இருபது நிமிடமாக இரண்டு பாதி. இரண்டாம் பாதியின் கடைசி இரண்டு நிமிடம் வரை, டைம்-அவுட் கேட்டால் தவிர, கடிகாரம் நிற்காமல் ஓடும். நடுவர் விசில் ஊதி இரண்டு நிமிடம் என்று அறிவித்தபோது பந்து எங்களிடம் இருந்தது. ஒன்பது புள்ளி வித்தியாசம்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்பேக் ஓர் ஆணுக்கு எறிந்தான், அவன் பிடித்தான், பதினொரு கெஜம். நடுவர் பந்தை வைத்துவிட்டுக் கத்தினான்: "க்ளோஸ்டு!"

அடுத்த பந்து ஒரு பெண்ணுக்குத்தான் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் எட்டுப் பேரும் தலையைச் சேர்த்து வட்டமாக நின்றோம். குவார்ட்டர்பேக் என்னைப் பார்த்தான். "அவளை ரெண்டு பேர் காப்பாங்க" என்றான், தோழியைக் காட்டி. "நீ அஞ்சு கெஜம் போய் சடார்னு திரும்பு. பந்து அங்கே இருக்கும்."

போனேன், திரும்பினேன், பந்து இருந்தது. டேப் சுற்றிய விரலில் பட்டு வலித்தது, ஆனாலும் விடவில்லை. முன்னால் இருபத்தைந்து கெஜத்துக்கு மேல் கிடந்தது. முதலில் வந்தவன் நெட்டையன். அவன் தோள் வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் கால் வைத்தேன், அவன் கை காற்றைப் பிடித்தது. அடுத்து அந்த மருந்தியல்காரி. அவள் என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், விவரம் தெரிந்தவள். அவள் விரல் பட்டையில் உரசியது தெரிந்தது. அந்த நேரத்தில் என் உடம்பு என்ன செய்தது என்பதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். கம்பத்தைச் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று. பந்து வலது கைக்குள் ஒடுங்கியிருந்தது. இடது கை தோள் உயரத்துக்குப் போய் விரிந்து நின்றது. இடுப்புக்கு வரவே இல்லை. ஈரப்புல்லில் ஒரு கால் வழுக்கி, மறுகால் ஊன்றி, ஓடினேன். சுண்ணாம்புக் கோடு காலுக்கடியில் போனது தெரிந்தது.

நின்றதும் முதலில் பின்னால் திரும்பித் தரையைத்தான் பார்த்தேன். மஞ்சள் துணி எங்கேயும் இல்லை.

நடுவர் ஓடி வந்தான். முதல் நாள் மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன அதே பையன்தான். "கையைத் தூக்குங்க" என்றான். டச்டவுன் போட்டவர் இரண்டு கையையும் உயர்த்தி நிற்க வேண்டும். நடுவரே பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பெல்ட்டை முடிச்சுப்போட்டு ஏமாற்றவில்லை என்று உறுதி செய்வதற்காக. நான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வெளிச்சத்துக்கு நடுவில் நின்றேன். சட்டை கொஞ்சம் மேலேறி வயிற்றில் குளிர் பட்டது. அப்படியே நின்றேன். டப்பென்று கிளிப் விட்டது. அவன் விசில் ஊதி, தன் இரண்டு கையையும் தூக்கினான்.

பதினேழு, பதினேழு. கூடுதல் வாய்ப்பில் ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஜெயித்திருப்போம். பந்து கை நழுவியது. ஓவர்டைமில் இரு அணிக்கும் பத்து கெஜத்திலிருந்து நாலு நாலு வாய்ப்பு. நாங்கள் ஆறு எடுத்தோம். அவர்கள் அந்த மருந்தியல்காரியிடம் எறிந்து ஒன்பது எடுத்தார்கள். முடிந்தது.

இரு அணியும் வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டு போனோம். அவள் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள். "அந்தச் சுற்று எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றாள். வாயால் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை. அவளைக் குந்தி உட்காரச் சொன்னேன். தோழியைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். இன்னும் மூன்று பேர் வந்தார்கள், அப்புறம் எதிரணியில் மிச்சமிருந்த பெண்களும். மொறமொறக்கும் புல்லில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்திவிட்டார்கள். கம்பத்துக்குப் பதில் எண்ட் ஸோன் மூலையில் நிற்கும் ஆரஞ்சுத் தூணை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முதுகில் தட்டி "கோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், தட்டு வாங்கியவள் எழுந்து துரத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மருந்தியல்காரி எழுந்து என்னைத் துரத்தினாள். நான் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடினேன்.

அடுத்த ஆட்டம் இல்லாததால் நடுவர்கள் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் பிளாஸ்டிக் தொட்டியோடு ஓரத்தில் வந்து நின்று, பெல்ட்டை எண்ணினால் ஒன்பது குறைகிறது என்றான். எங்கள் ஒன்பது பேர் இடுப்பிலும் அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.